நிமன் அவர்களின் மரண அறிவித்தல்

ஜொய்சி முப்பத்தாறு வயதில் பல்கலைக்கழகத்துக்குப் போனது தவறுதலாகத்தான். அவள் என் கணவர் அம்புறோஸின் ஒரே தங்கை. மன்னாரிலிருந்து வந்த நாள் முதல் மொன்றியலில், செயின்ட்-மிஷேலில் எங்கள் வீட்டு மேலறையில் இருந்தாள். ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை. அங்கே பிரெஞ்சில் வாய் ஓயாமல் கதைப்பாள். ஒரு பூசணிக்காய் வாங்க வந்தவரை மூன்று பூசணிக்காயோடும் ஒரு கட்டு லீக்ஸோடும் அனுப்பி வைப்பாள். ஆங்கிலம் மட்டும் வராது. டொரோன்டோவில் இருக்கும் எங்கள் பெறாமக்கள் தொலைபேசியில் ஆங்கிலத்தில் ஏதாவது கேட்டால், "ஓம் ஓம், பேந்து கதைப்பம்" என்று சொல்லிவிட்டு ரிசீவரை என் கையில் திணித்துவிடுவாள்.

2006 கோடையில் புவாண்ட்-கிளேரில் ஒரு பெரிய பூங்கன்றுக் கடைக்கு மேற்பார்வைக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டாள். அந்தப் பக்கம் ஆங்கிலக்காரர்கள் அதிகம். ஆங்கிலம் இல்லாமல் போய் நிற்க முடியாது.

"மச்சாள், நான் இங்கிலிஷ் படிக்கப் போறன்," என்று அறிவித்துவிட்டு, அடுத்த நாளே நகரத்து ஆங்கிலப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் போனாள். வகுப்புகளின் பட்டியல் புத்தகத்தைப் புரட்டினாள். 'ஆங்கில மொழி' என்ற இரண்டு சொற்கள் தெரிந்தன. வியாழன் மாலை என்று போட்டிருந்தது. வியாழனில் அவளுக்கு வேலை வெள்ளென முடியும். பதிந்துவிட்டு வந்துவிட்டாள். அந்த இரண்டு சொற்களுக்கும் முன்னால் இருந்த 'வரலாறு' என்ற சொல்லை நான்தான் வீட்டில் வைத்து அவளுக்குக் காட்டினேன்.

"அதை நானும் கண்டனான்," என்றாள். "வரலாறு எண்டா முதலில இருந்து படிப்பிப்பினம் எண்டு நினைச்சன். எனக்கும் முதலில இருந்துதானே வேணும்."

முதலில் இருந்துதான் படிப்பித்தார்கள். ஆயிரம் வருடத்துக்கு முந்திய முதலில் இருந்து.

வகுப்பை எடுத்தவர் டொக்டர் பெவரிட்ஜ் என்ற நெட்டைப் பெண். நியூஃபவுண்ட்லாந்துக்காரி. சிரித்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும் என்று ஜொய்சி சொல்வாள். முதல் நாள் அந்த அம்மா பிரெஞ்சில் 'பொன்சுவா' சொல்லவில்லை, 'ஹலோ' சொல்லவில்லை. மேசையில் ஏறி உட்கார்ந்து, எதையோ உரத்த குரலில் வாசிக்கத் தொடங்கினார். ஜொய்சிக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. இதுதான் ஆங்கிலம் என்றால் நான் தொலைந்தேன் என்று பையைக் கையில் எடுத்தவள், பக்கத்தில் இருந்த பொன்னிறத் தலைமயிர்ப் பையனைப் பார்த்தாள். அவன் முகம் வெளுத்துப் போயிருந்தது. முன்வரிசையில் ஒரு பெண் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் திகைத்துப்போய் இருந்தார்கள்.

அன்று வீட்டுக்கு வந்தவள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துச் சுற்றினாள்.

"மச்சாள்! அந்த வகுப்பில ஒருத்தருக்கும் இங்கிலிஷ் தெரியாது! வெள்ளைக்காரப் பிள்ளையளுக்கே தெரியாது!"

"நல்ல வகுப்பு. நாளைக்கே போய்ப் பேரை வெட்டிப்போட்டு வேற வகுப்புக்குப் பதி," என்றார் என் கணவர்.

"விசரே அண்ணை உங்களுக்கு? இந்த மொன்றியலில நான் இங்கிலிஷில எல்லாரோடயும் சமமா இருக்கிற ஒரே இடம் அதுதான். அதையும் விடச் சொல்லுறியளோ?"

அவள் விடவில்லை. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, தெரியாத சொல்லைப் பிரெஞ்சு வழியாகப் பிடித்து, மெல்ல மெல்ல வகுப்போடு நடந்தாள்.

ஒக்டோபரில் குளிர் தொடங்கியதும் வகுப்பறையின் ஹீற்றர் 'டொங் டொங்' என்று அடிக்கத் தொடங்கியது. டொக்டர் பெவரிட்ஜ் ஒரு வசனம் சொல்வார், ஹீற்றர் ஒரு அடி அடிக்கும். கட்டடத்தில் திருத்த வேலை பார்க்கிறவர் ஒருவர் குறடும் பெட்டியுமாக வந்தார். நாற்பதை எட்டிப் பார்க்கும் வயது, முன்னால் கொஞ்சம் வழுக்கை. குழாய்க்குக் கீழே தலையை விட்டபடி, "சிவசிவா, இதென்ன சனியன்" என்று முணுமுணுத்தார்.

ஜொய்சி குனிந்து, "அண்ணை யாழ்ப்பாணமோ?" என்று கேட்டாள்.

அவர் தலையைத் தூக்கியதில் குழாயில் இடித்துக்கொண்டார். "ஓம், சுன்னாகம். விமலநாதன். அண்ணை எண்டு மட்டும் சொல்லாதேங்கோ பிள்ளை. எனக்குத் தங்கச்சிமார் நாலு பேர் இருக்கினம், அது காணும்."

ஹீற்றரின் சத்தம் அன்றோடு நின்றது. அடுத்த வியாழன் அவர் மறுபடியும் வந்தார், சரியாக வேலை செய்கிறதா பார்க்க. அதற்கடுத்த வியாழனும் வந்தார். ஒரு திருகை இறுக்கிவிட்டு, அதே திருகைத் தளர்த்துவார். டொக்டர் பெவரிட்ஜ் அவருக்கு ஒரு கதிரை போடச் சொல்லிவிட்டார். இதையெல்லாம் ஜொய்சி எங்களுக்குச் சொல்லும்போது, "பாவம், அந்த ஹீற்றர் நல்லாப் பழுதாப்போச்சு" என்பாள். நானும் என் கணவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம்.

அந்த நாட்களில்தான் நிமன் எங்கள் வீட்டுக்குள் வந்தது.

நிமன் என்பது பழைய ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல். எடுத்தல் என்று பொருள். அந்தக் காலத்து ஆங்கிலேயன் வாளை எடுத்தாலும் பாணை எடுத்தாலும் பெண் எடுத்தாலும் அதற்கு நிமன்தான். எழுநூறு, எண்ணூறு வருடம் ஊரெல்லாம் அதன் ராச்சியம். பிறகு கப்பலில் டேன்காரர் வந்தார்கள். அவர்களோடு 'டேக்' என்ற சொல்லும் வந்து இறங்கியது. முதலில் மூலையில் ஒதுங்கி நின்ற டேக், மெல்ல மெல்ல நிமனின் வேலைகளை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டது. கடைசியில் நிமனுக்கு மிஞ்சியது ஒரே ஒரு வேலை. களவெடுக்கிறது. 'நிம்' என்று பேரும் சுருங்கிப்போய், கள்ளர் பேச்சில் கொஞ்சக் காலம் ஒளித்துத் திரிந்துவிட்டு, செத்துப்போனது.

"எங்களிட்டயும் அப்பிடித்தானே மச்சாள்," என்றாள் ஜொய்சி, வெங்காயம் வெட்டிக்கொண்டே. "எடுக்கிறதுக்கு முன்னால களவைப் போட்டா களவெடுக்கிறது. பாவம், அந்தாளுக்கு முன்னால ஒண்டும் போடாமலே கள்ளன் ஆக்கிப்போட்டாங்கள்."

நிமனுக்கு இரண்டு பிள்ளைகள் இன்னும் உயிரோடு இருப்பதாக அவள் ஒரு நாள் கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள். ஒன்று 'நிம்பிள்'. சட்டென்று எடுக்கக்கூடியது, ஆகவே சுறுசுறுப்பானது. மற்றது 'நம்'. எடுக்கப்பட்டது, உணர்ச்சி பறிபோனது, ஆகவே விறைத்துப்போனது. இதைக் கேட்ட நாளில் அவள் காலையிலிருந்து சந்தை வாசலில் கரட் அடுக்கிவிட்டு வந்திருந்தாள். கை இரண்டையும் என் முகத்துக்கு முன்னால் நீட்டினாள். விரல்கள் சிவந்து கிடந்தன.

"இஞ்ச பாருங்கோ. இவ்வளவு காலமும் குளிரில விறைச்சது எண்டு நினைச்சன். இல்லை! நிமன் வந்து என்ர விரலை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்!"

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு பொருள் கிடக்கவில்லை. அவள் ரிமோட்டை நிம்மினாள், என் சால்வையை நிம்மினாள், அண்ணன் ஒளித்து வைத்த கஜுவை நிம்மினாள். என் கணவரும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஆர் என்ர கண்ணாடியை நிம்மினது?" என்று கத்தத் தொடங்கினார்.

நவம்பரில் டொக்டர் பெவரிட்ஜ் ஒரு வேலை கொடுத்தார். ஒவ்வொருவரும் ஒரு செத்துப்போன சொல்லைத் தேர்ந்து, அதன் வாழ்க்கையை வகுப்புக்கு முன்னால் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்பது அவரவர் விருப்பம். ஜொய்சி ஒரு கிழமையாக யோசித்தாள். ஒரு பின்னேரம் வானொலியில் மரண அறிவித்தல் போய்க்கொண்டிருந்தபோது கையிலிருந்த கோப்பையைப் பொத்தென்று மேசையில் வைத்தாள். "மச்சாள், எங்கட ஆக்கள் செத்தா எப்பிடிச் சொல்லுறதோ, அப்பிடியே சொல்லப் போறன்!" முதலில் தமிழில் எழுதி, பிறகு ஆங்கிலமாக்குவது என்று முடிவாயிற்று. இருவரும் குசினி மேசையில் இருந்து எழுதினோம். சிரிப்பில் எனக்கு விக்கல் எடுத்தது.

"பழைய இங்கிலாந்தைப் பிறப்பிடமாகவும், ஆங்கிலேயரின் நாவை வசிப்பிடமாகவும் கொண்ட நிமன் அவர்கள் நெடுங்காலம் சுகவீனமுற்றிருந்து காலமானார். அன்னார், நேமன் (ஜெர்மனி), நேம (ஒல்லாந்து) ஆகியோரின் பாசமிகு சகோதரரும், நிம்பிள், நம் ஆகியோரின் அன்புத் தந்தையும் ஆவார். டென்மார்க்கிலிருந்து வந்த டேக் என்பவரிடம் தமது தொழில் அனைத்தையும் பறிகொடுத்த அன்னார், இறுதிக் காலத்தில் களவெடுத்துச் சீவித்தார். பிள்ளைகளில் மூத்தவர் சுறுசுறுப்பானவர். இளையவர் விறைத்த நிலையில் உள்ளார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கின்றோம். தகவல்: ஜொய்சி, மொன்றியல்."

அந்தத் தாளை மேசையில் விட்டது எங்கள் இருவரின் மறதி. வெள்ளிக்கிழமை அல்போன்சம்மா வந்தார். எங்கள் தமிழ்க் கத்தோலிக்கப் பங்கில் யாருக்குத் தடிமன் பிடித்தாலும் அவருக்கு முதலில் தெரிந்துவிடும். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு திரும்பியபோது மனுசி போய்விட்டார். கதவு திறந்து கிடந்தது. ஏன் இவ்வளவு அவசரம் என்று எனக்கு விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விளங்கியது. நவம்பர் இறந்தோர் மாதம் அல்லவா, பூசையில் பெயர்கள் வாசிப்பார்கள். மன்றாட்டு வாசித்த எமிலியானுஸ் அண்ணை தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"இங்கிலாந்தில் காலமான, எங்கள் சகோதரி ஜொய்சியின் உறவினர் நிமன் அவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காகவும், விறைத்த நிலையில் இருக்கும் அவருடைய இளைய பிள்ளையின் சுகத்துக்காகவும் மன்றாடுவோமாக."

கோயில் முழுவதும், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது.

நான் ஜொய்சியைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் செத்திருப்பேன். அவள் முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டு முன்வாங்கில் தலையைச் சாய்த்துவிட்டாள். தோள் குலுங்கியது. பின்னாலிருந்த பெண்கள் அவள் முதுகைத் தடவி, "அழாதை பிள்ளை, அழாதை" என்றார்கள். அவர்கள் தடவத் தடவ அவள் இன்னும் குலுங்கினாள். என் கணவர் பீடத்தைப் பார்த்தபடி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் ஓடியது. அதைப் பார்த்து வேறு இரண்டு பேர் உண்மையாகவே அழுதார்கள்.

பூசை முடிந்து வெளியில் வந்ததும் அல்போன்சம்மா ஒரு கம்பளித் தொப்பியை ஜொய்சியின் கையில் வைத்தார். "அந்த விறைச்ச பிள்ளைக்கு அனுப்பிவிடு. நானே பின்னினது. அந்த டென்மார்க்காரனை வழக்குப் போட்டு உள்ளுக்குத் தள்ள ஏலாதோ?"

அதற்கு மேல் ஜொய்சியால் முடியவில்லை. படியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்புக்கு நடுவில் துண்டு துண்டாக உண்மையைச் சொன்னாள். அல்போன்சம்மா கொஞ்ச நேரம் இமைக்காமல் அவளைப் பார்த்தார். எமிலியானுஸ் அண்ணை சுவாமியாரைப் பார்த்தார். சுவாமியார் வானத்தைப் பார்த்தார்.

"அப்ப அது ஆளில்லை?"

"இல்லை அல்போன்சம்மா. வினைச்சொல்லு."

"செத்தது உண்மைதானே?"

"ஓம், அது உண்மை."

"அப்ப என்ன? செத்ததுக்கு மன்றாடினது பிழையில்லை," என்று சொல்லிவிட்டுத் தொப்பியைத் திரும்ப வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகுதான் அவருக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நிற்கவில்லை. எமிலியானுஸ் அண்ணைதான் அவரைக் கைத்தாங்கலாகக் காருக்குக் கூட்டிப்போனார்.

ஆனால் செய்தி அதற்குள் ஊரைச் சுற்றிவிட்டது. உண்மை அதன் பின்னால் ஓடிப் பிடிக்கவில்லை. பார்க்-எக்ஸ்டென்சனில் ஒரு தமிழ்க் கடையில் கருவேப்பிலை வாங்கப்போன விமலநாதனுக்கு அது வேறு உருவத்தில் கிடைத்தது. ஜொய்சி என்ற மன்னார்ப் பிள்ளைக்கு இங்கிலாந்தில் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை செத்துப்போனாராம். இரண்டு பிள்ளைகள் உள்ள தாரமிழந்தவராம். களவெடுக்கிறவராம்.

செவ்வாய்க்கிழமை அவர் சந்தைக்குப் போனார். கறுத்தக் கோட், கறுத்தக் கழுத்துப்பட்டி. சந்தைக்குள் எல்லோரும் தடித்த ஜக்கெட்டோடு முட்டைக்கோவா தூக்கிக்கொண்டிருக்க, இந்த மனுசன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு ஒரு குவியல் பீற்றூட்டுக்கு முன்னால் போய் நின்றார்.

"ஜொய்சி, கேள்விப்பட்டன். எனக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை."

"ஆர் செத்தது?" என்று பதறிக் கேட்டாள் ஜொய்சி, அவருடைய உடுப்பைப் பார்த்து.

"நிமன்."

அவள் வாயைப் பொத்தினாள். அவர் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

"அவர் எப்பிடிப்பட்டவரா இருந்தாலும், நீங்கள் மனசில வைச்சிருந்தவர். அந்தப் பிள்ளையள் ரெண்டும்… ஒண்டு சுகமில்லாத பிள்ளையாம். நீங்கள் அதுகளைப் பொறுப்பெடுக்கிறதெண்டா நானும்…" அவர் பீற்றூட் ஒன்றைக் கையில் எடுத்து உருட்டினார். "நானும் பின்னுக்கு நிப்பன். ரெண்டு பிள்ளையளையும் எடுத்து வளர்ப்பம். எனக்கு அது பாரமில்லை."

"விமலநாதன்," என்றாள் ஜொய்சி, குரலை மிகவும் கஷ்டப்பட்டு நேராக்கிக்கொண்டு. "நீங்கள் ஒவ்வொரு வியாழனும் அந்த வகுப்பில இருந்தனீங்கள்தானே?"

"ஓம்."

"டொக்டர் பெவரிட்ஜ் மூண்டு கிழமையா நிமனைப் பற்றித்தானே கதைச்சவ?"

அவர் யோசித்தார். "நான் வகுப்பைக் கவனிக்கேல்லை," என்றார்.

"அப்ப என்னத்தைக் கவனிச்சனீங்கள்? ஹீற்றரையோ?"

"ஹீற்றர் முதல் நாளே சரி," என்றார் விமலநாதன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது. முகம் பீற்றூட்டின் நிறத்துக்கு வந்தது.

ஜொய்சி அங்கேயே எல்லாவற்றையும் அவருக்குச் சொன்னாள். அவருக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. பிறகு, "அப்ப மாப்பிள்ளை இல்லை?" என்று கேட்டார். "இல்லை." "பிள்ளையளும் இல்லை?" "ரெண்டு சொல்லுத்தான்." அவர் கழுத்துப்பட்டியைத் தளர்த்திவிட்டு ஒரு உருளைக்கிழங்குப் பெட்டியில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினார். ஜொய்சியும் கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒன்றுமே விளங்காத அவளுடைய கியூபெக் முதலாளி, "என்ன, லாட்டரியோ?" என்று பிரெஞ்சில் கேட்டார். "இன்னும் தெரியேல்லை முசியே," என்று ஜொய்சியும் பிரெஞ்சிலேயே பதில் சொன்னாள்.

வியாழக்கிழமை அவள் வகுப்பின் முன்னால் நின்று ஆங்கிலத்தில் அறிவித்தலை வாசித்தாள். 'இறுதிக் காலத்தில் களவெடுத்துச் சீவித்தார்' என்ற இடத்தில் பொன்னிறத் தலைமயிர்ப் பையன் மேசையில் விழுந்து சிரித்தான். பிறகு அவள் வாசிப்பை விட்டுவிட்டு, கோயில் மன்றாட்டையும் கம்பளித் தொப்பியையும் தன் சொந்த ஆங்கிலத்தில், பிழையும் சரியுமாக, மூச்சு வாங்காமல் சொன்னாள். டொக்டர் பெவரிட்ஜ் சிரித்த சிரிப்புக்குப் பக்கத்து வகுப்பிலிருந்து ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த அம்மா கேட்டாராம்: "எண்ணூறு வருடம் உழைத்த சொல்லுக்காக ஒருவர்கூட மன்றாடியதாக நான் கேள்விப்பட்டதில்லை. கோயில் முழுவதுமா?"

"முழுக் கோயிலும்," என்றாள் ஜொய்சி.

பெட்டியும் குறடும் இல்லாமல் வந்து கடைசி வரிசையில் இருந்த விமலநாதன்தான் முதலில் கை தட்டினார்.

கல்யாணப் பேச்சை எடுத்தபோது வீட்டில் கொஞ்சம் இழுபறி இருந்தது. வேதக்காரப் பிள்ளை, சைவக்கார மாப்பிள்ளை. என் கணவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். அல்போன்சம்மா வந்து, "இல்லாத ரெண்டு பிள்ளையளை வளர்க்க வந்த மனுசனடா, இனி எங்க தேடப் போறாய்?" என்று ஒரு சத்தம் போட்டார். அதோடு சரி. சுவாமியார் ஆயரிடம் அனுமதி வாங்கித் தந்தார். 2007 ஆவணியில் ஒரு நாள் கோயிலிலும், அடுத்த நாள் ஐயர் வந்தும், இரண்டு தரம் நடந்தது.

புவாண்ட்-கிளேர் வேலைக்கு ஜொய்சி போய்க் கேட்டாள். ஆங்கிலத்தில் கதைத்தாள். பழைய ஆங்கிலச் சொல் இரண்டைத் தெரியாமல் நடுவில் விட்டுவிட்டதாகச் சொன்னாள். அங்கே வேறொருவரை எடுத்துவிட்டார்கள். அவளுக்குக் கவலையில்லை. சந்தை முதலாளி வயதாகி ஓய்வெடுத்தபோது அந்தக் கடையை அவளும் விமலநாதனும் சேர்ந்து நடத்தத் தொடங்கினார்கள். ஆங்கிலம் இன்னும் தட்டுத் தடுமாறித்தான் வருகிறது. டொரோன்டோப் பெறாமக்களோடு இப்போது ரிசீவரை விடாமல் கதைக்கிறாள். நான் கேட்டால்கூடத் தரமாட்டாள்.

கல்யாண விருந்துக்கு டொக்டர் பெவரிட்ஜும் வந்திருந்தார். ஜொய்சியின் பச்சைச் சேலையை நான்தான் அந்த அம்மாவுக்குக் கட்டிவிட்டேன். அவருடைய உயரத்துக்குச் சேலை கணுக்காலுக்கு மேலே நின்றது. அவருக்கு அதெல்லாம் கணக்கில்லை. சாப்பாடு முடிந்து பைலா ஆட்டப் பாட்டுப் போட்டதும் முதலில் எழுந்தவர் அவர்தான். எமிலியானுஸ் அண்ணையின் கையைப் பிடித்து மண்டபத்தின் நடுவுக்கு இழுத்துக்கொண்டு போனார். பையன்கள் விசில் அடித்தார்கள். அல்போன்சம்மா கதிரையில் இருந்தபடியே தோளை ஆட்டினார். மூன்றாவது பாட்டில் டொக்டர் அம்மாவின் ஒரு சப்பாத்து காலிலிருந்து கழன்று பறந்து கேக் மேசைக்குக் கீழே போய் விழுந்தது. அவர் மற்றச் சப்பாத்தையும் உதறிவிட்டு, சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, இன்னொரு பாட்டுப் போடச் சொன்னார்.